கன்னம் வைத்தானா, கதவைத் திறந்து விட்டோமா?

பாளையங்கோட்டை தெற்கு பஜாருக்குச் சற்றுத் தள்ளி, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்துப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் இந்த வாசலில் மிக அதிகமாகக் காதில் விழுந்த சொல் 'ஹேக்'. கணினி மெதுவாக ஓடினால் ஹேக், பேரன் கைபட்டுப் புகைப்படங்கள் அழிந்தால் ஹேக், ஃபேஸ்புக் கடவுச்சொல் மறந்துபோனாலும் ஹேக். முக்கூடலிலிருந்து ஒருவர் மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, எவனோ உள்ளே புகுந்து தன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டதாகச் சொன்னார். விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விழுந்து கிடந்தது.

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் தெருப் பலசரக்குக் கடை அண்ணாச்சி நனைந்தபடியே வந்து நின்றார். "தம்பி, என் வாட்ஸப்ப எவனோ ஹேக் பண்ணிட்டாம்லா. ஏரல்ல இருக்க மச்சினனுக்குப் பதினஞ்சாயிரம் கேட்டு என் பேர்ல மெசேஜ் போயிருக்கு" என்றார். யாரிடமாவது ஏதாவது எண்ணைச் சொன்னீர்களா அண்ணாச்சி என்று கேட்டேன். சற்று யோசித்தார். "ஆறு நம்பர் ஒண்ணு வந்துச்சு. களக்காட்டு யாவாரி, தவறிப்போயி உங்களுக்கு வந்துட்டு, அனுப்புங்கன்னாரு. அனுப்புனேன். அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றார்.

களக்காட்டு வியாபாரியின் கணக்கு அதற்கு முன்பே பறிபோயிருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவன், அண்ணாச்சியின் எண்ணைத் தன் கைப்பேசியில் பதிவு செய்ய முயன்றிருக்கிறான். இந்த எண் உன்னுடையதுதானா என்று வாட்ஸப் சோதிப்பதற்காக அண்ணாச்சிக்கு அனுப்பிய ஆறு இலக்கத்தை, அண்ணாச்சியே நட்பின் பெயரால் அவனிடம் கொடுத்துவிட்டார். மழை விடும்வரை அன்று அவரிடம் பேசியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்வது பண்டிதத்தனத்துக்காக அன்று. என்ன நடந்தது என்பதற்குச் சரியான பெயரைச் சொல்லத் தெரிந்தால்தான், அடுத்து எந்தக் கையை எங்கே வைக்க வேண்டும் என்பது தெரியும்.

நம் ஊர்ப் பக்கம் பழைய திருட்டுகளைப் பற்றிப் பேசும்போது, 'கன்னம் வைத்து இறங்கினான்' என்பார்கள். கன்னக்கோலால் சுவரைத் துளைத்து நுழைவது ஒரு வழி. உறவுக்காரன் போலக் கதவைத் தட்டி, வீட்டாரையே திறக்க வைப்பது இன்னொரு வழி. எங்கேயோ தொலைந்த சாவியைக் கண்டெடுத்து வந்து திறப்பது மூன்றாவது வழி. கணினியிலும் இந்த மூன்றும் உண்டு. மூன்றையும் நாம் 'ஹேக்' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். யாராவது கைப்பேசியோடு வந்தால் நான் முதலில் மனத்துக்குள் கேட்டுக்கொள்வது, சுவரா, கதவா, சாவியா என்பதுதான். என் கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடச் சுவரில் துளை இருப்பதில்லை.

ஹேக் என்ற சொல் திருட்டிலிருந்து பிறந்ததும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில், பொம்மை ரயில் ஓட்டும் மாணவர் சங்கத்தில், 1950களின் கடைசியில் ஒரு சிக்கலைச் சாமர்த்தியமாகத் தீர்ப்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். கொந்தர் என்று தமிழில் எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும் என்றாலும், கடையில் சொன்னால் யாருக்கும் புரியாது. இன்று அனுமதி பெற்றுக்கொண்டு ஓட்டையைத் தேடிச் சொல்பவரை வெள்ளைத் தொப்பி என்றும், திருடுவதற்காகத் தேடுபவரைக் கறுப்புத் தொப்பி என்றும் பிரிக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் தம் செயலியில் ஓட்டையைக் கண்டு சொல்பவர்களுக்குப் பணம் தருகின்றன. அதற்கு பக் பவுண்டி என்று பெயர்.

சுவர் வழியை முதலில் பார்த்துவிடலாம். மென்பொருளை எழுதியவர் கவனிக்காமல் விட்ட பலவீனம் வல்னரபிலிட்டி, அதாவது ஓட்டை. அந்த ஓட்டைக்கு ஏற்றாற்போல் செதுக்கிய கன்னக்கோல் எக்ஸ்ப்ளாய்ட். தயாரித்த நிறுவனம் அனுப்பும் பூச்சுச் சிமெண்டுதான் பேட்ச். அதைத்தான் உங்கள் கைப்பேசி 'அப்டேட்' என்று நச்சரிக்கிறது. நிறுவனத்துக்கே தெரியாத, பூச்சு வருவதற்கு முன்பே திருடன் கண்டுபிடித்துவிட்ட ஓட்டையைப் பயன்படுத்துவது ஜீரோ டே. சரிசெய்ய நிறுவனத்துக்குக் கிடைத்த நாள் சுழியம் என்பது பொருள். ஈரானின் அணு எரிபொருள் ஆலையைக் குறிவைத்துச் செய்யப்பட்டு 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட்டில் இப்படி நான்கு இருந்தன. அதெல்லாம் அரசாங்கங்களின் விளையாட்டு. உங்களுக்காகவும் எனக்காகவும் யாரும் நான்கு ஜீரோ டேயைச் செலவழிக்க மாட்டார்கள்.

நமக்கு வருவது, பூச்சு வந்த பிறகும் பூசாமல் விட்ட சுவரால் வருகிற ஆபத்து. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ வைத்திருந்து வெளியே கசிந்த ஒரு கன்னக்கோலைக் கொண்டு, 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற தாக்குதல் தொடங்கி, சுமார் 150 நாடுகளில் கணினிகளை முடக்கியது. அந்த ஓட்டைக்கான பூச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் அவகாசம் இருந்தும் பூசாதவர்கள் மாட்டினார்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. டேட்டா தீர்ந்துபோகிறது, வேலை நடுவில் நின்றுபோகிறது என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுத்ததால், வின்டோஸ் அப்டேட்டை நானே என் கையால் அணைத்துக் கொடுத்த கணினிகள் அந்நாளில் இந்த ஊரில் எத்தனையோ இருந்தன. அந்த வாரக் கடைசி முழுவதும் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, மறுபடியும் அதைத் திறந்துவிட அலைந்தேன்.

வைரஸ், வார்ம், ட்ரோஜன் என்ற மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது வழக்கம். கெடுதல் செய்யும் எல்லா மென்பொருளுக்கும் பொதுப்பெயர் மால்வேர். வைரஸ் வேறொரு கோப்பிலோ வட்டிலோ ஒட்டிக்கொண்டு, நாம் அதைத் திறக்கும்போது பரவும். வார்முக்கு நம் கை தேவையில்லை. வலைப்பின்னலில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே ஊர்ந்து போகும். 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் அனுப்பிய வார்ம், அன்றைக்கு மிகச் சிறியதாக இருந்த இணையத்தையே திணற வைத்தது. ட்ரோஜன், நல்ல பொருள் போல வேடமிட்டு, நாமே நடுவீட்டுக்கு அழைத்து வருவது. இவற்றுக்கு நடுவே எனக்கு எப்போதும் சிரிப்பு வரவழைப்பது, 1986-இல் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த இரு சகோதரர்கள் எழுதிய பிரெயின் என்ற வைரஸ். தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். நான் அத்தனை துணிச்சலாக விளம்பரம் செய்ததில்லை.

நான் கடை வைத்த புதிதில் ஜங்ஷன் ஜெராக்ஸ் கடைகளிலிருந்து பென்டிரைவில் ஒன்று வரும். உள்ளே 'நியூ ஃபோல்டர்' என்று மஞ்சள் நிற உறை போல ஒரு படம் இருக்கும். உறைதானே என்று இருமுறை தட்டினால் கதை முடிந்தது, ஏனென்றால் அது உறை இல்லை. உறையின் படத்தை முகத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு நிரல். அதன் பெயருக்குப் பின்னால் டாட் இஎக்ஸ்இ என்ற வால் இருந்தது. வின்டோஸ் அந்த வாலை வழக்கமாக மறைத்தே காட்டும். கல்லூரி மாணவர்களின் ப்ராஜெக்ட், கல்யாண ஆல்பம், ஓட்டுநர் உரிம விண்ணப்பம் என்று எல்லாவற்றோடும் அது வண்ணார்பேட்டைக்கும் மேலப்பாளையத்துக்கும் போய்வந்தது. 'வாலைப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள்' என்று ஓர் அட்டையில் எழுதி, கடையில் தொங்கவிட்டிருந்தேன். பென்டிரைவ்கள் குறைந்த பிறகு அந்த அட்டையைக் கழற்றியது தவறு என்பது பின்னால் தெரிந்தது.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் சித்திக்கு, ஆவணி முகூர்த்தக் காலத்தில், தெரிந்தவர் ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்க வேண்டும். இதன் வாலில் டாட் ஏபிகே என்றிருந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலி நிறுவுவதற்கான கோப்பு அது. சித்தி தட்டியதும், தெரியாத இடத்திலிருந்து வருகிறது, நிறுவலாமா என்று கைப்பேசி கேட்டிருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணமோ என்ற ஆவலில் சம்மதம் கொடுத்தார். அடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, அதற்கும் சம்மதம். பத்திரிகை திறக்கவில்லை. செயலியின் படமும் திரையிலிருந்து மறைந்துவிட்டது. நெட் சரியில்லை போலும் என்று சித்தி சமையலுக்குப் போய்விட்டார். அவருக்கு வங்கியிலிருந்து வந்த ஓடிபி எல்லாம் அந்த நேரத்தில் வேறெங்கோ நகல் போய்க்கொண்டிருந்தன. அரைமணி நேரத்துக்குள் இரண்டு தவணையாகப் பணம் போனது.

இது அப்பட்டமான ட்ரோஜன். இதற்கு 'ஹேக் ஆகிவிட்டது' என்று பெயர் வைத்தால், எங்கோ இருக்கும் ஒரு மேதையை எதிர்த்து நாம் என்ன செய்ய முடியும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். ட்ரோஜன் என்று தெரிந்ததால், சித்தியை முதலில் டேட்டாவையும் வைஃபையையும் அணைக்கச் சொல்லி, சிம்மைக் கழற்றி என் தம்பியின் பழைய பட்டன் போனில் போட வைத்தேன். ஓடிபி இனி நகல் போகாது. அந்த போனிலிருந்தே வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் பேசினோம். 1930-இல் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. எங்களுக்கு இரண்டாவது தவணை நின்றது, முதல் தவணை போனது போனதுதான். கைப்பேசி அமைப்புகளில் செயலிப் பட்டியலைத் திறந்து பார்த்தால், பெயரே இல்லாமல் வெற்றிடமாக ஒன்று இருந்தது. அதற்குக் கொடுத்திருந்த நிர்வாகி உரிமையை நீக்கிய பிறகுதான் அதை அழிக்கவே முடிந்தது. அட்டையை மறுபடி எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஏமாற்றிக் கதவைத் திறக்க வைக்கும் கலை முழுவதற்கும் பெயர் சோஷியல் இன்ஜினியரிங். அதில் பொய் முகவரிக்கு இழுத்து நம் கடவுச்சொல்லை வாங்குவது ஃபிஷிங். தூண்டில் போடுவது என்ற பொருளே போதும். குறுஞ்செய்தியில் வந்தால் ஸ்மிஷிங், குரலில் வந்தால் விஷிங் என்றெல்லாம் பிரிப்பார்கள், அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது முகவரியைப் படிக்கும் முறை. தபால் முகவரியில் 'நெல்லையப்பர் கோயில் தெரு' என்று முதல் வரியில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கடிதம் எந்த ஊருக்குப் போகும் என்பதைக் கடைசி வரிதான் சொல்லும். இணைய முகவரியிலும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். உங்கள் வங்கியின் பெயர் முதலில் வந்து, கடைசியில் 'கேஒய்சி-அப்டேட் டாட் காம்' என்று முடிந்தால், அந்தக் கடிதம் கேஒய்சி-அப்டேட் என்ற ஊருக்குத்தான் போகிறது. இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான், வங்கிகள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் அறிவித்தது. முகவரி ஓரத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பூட்டு, நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி செய்தி மறையாக்கம் செய்யப்படுகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். திருடனின் வீட்டுக்குப் பூட்டிய வண்டியில் போனாலும், போய்ச் சேருவது திருடனின் வீடுதான். யுபிஐ விஷயத்தில் ஒன்றே ஒன்று: பணம் அனுப்புவதற்குத்தான் பின் எண், வாங்குவதற்கு ஒருபோதும் தேவையில்லை.

இனிச் சாவி. நாம் கொடுக்கும் கடவுச்சொல்லை ஒழுங்கான இணையதளங்கள் அப்படியே எழுதி வைப்பதில்லை, அரைத்து வைக்கின்றன. அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. ஆனால் அதே அரிசியை அரைத்தால் ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக அதே மாவுதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளே நுழையும்போது புதிதாக அரைத்துப் பார்த்து, பழைய மாவோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் சரிபார்ப்பார்கள். இந்த மாவுக்கு ஹாஷ் என்று பெயர். இரண்டு பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தால் மாவும் ஒன்றாகிவிடுமே என்பதற்காக, ஆளுக்கொரு சிட்டிகை வேறு வேறு உப்பைச் சேர்த்து அரைப்பார்கள். நம்புங்கள், ஆங்கிலத்திலும் அதற்கு உப்பு என்றுதான் பெயர். அரைக்காமல் அப்படியே வைத்திருந்த ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 2009-இல் 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் வெளியே போயின. அவற்றில் மிக அதிகமானவர்கள் வைத்திருந்தது 123456.

எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பது ப்ரூட் ஃபோர்ஸ். நான்கு இலக்கப் பின்னுக்கு 10,000 சேர்க்கைகள்தான். சில முறை தவறினால் முடக்கிவிடுவதால்தான் ஏடிஎம் அட்டை பிழைத்துக் கிடக்கிறது. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டு என்றால் ஏறத்தாழ 20,880 கோடி. பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், திருடிய மாவைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு சோதிப்பவனின் கணினிக்கு அது பெரிதில்லை. எழுத்துகளைப் பன்னிரண்டாக்கினால் அந்த எண் ஏறத்தாழ நாலரை லட்சம் மடங்காகும். ஆகவே விசித்திரக் குறிகளைத் திணிப்பதைவிட நீளத்தைக் கூட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே சாவியை எல்லாப் பூட்டுக்கும் வைத்திருப்பது. ஒரு சின்ன தளத்தில் கசிந்த மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் எடுத்துக்கொண்டு, அதையே நூறு இடங்களில் போட்டுப் பார்ப்பதற்கு கிரெடென்ஷியல் ஸ்டஃபிங் என்று பெயர்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நான் கண்ணால் கண்டது ரான்சம்வேர். ஒரு திங்கட்கிழமை காலை டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்த கணக்கர், கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகளில் புதிய வால் முளைத்திருப்பதைப் பார்த்தார். ஒவ்வொரு உறையிலும் ஒரு கடிதம், பிட்காயினில் பணம் கேட்டு. திருடன் எதையும் எடுத்துப் போகவில்லை. நம் பீரோவுக்கே தன் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவிக்கு விலை சொல்கிறான். முதலாளி வீட்டிலிருந்தே கணக்குப் பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப் வசதியை இணையத்துக்குத் திறந்துவிட்டிருந்தார்கள், கடவுச்சொல் ஆலையின் பெயரும் 123-உம். பேக்கப் எடுக்கிறார்களா என்று கேட்டேன். எடுக்கிறோம் என்று மேசைக்கு அடியில் காட்டினார்கள். அந்த ஹார்ட் டிஸ்க் ஆண்டு முழுவதும் கணினியிலேயே செருகிக் கிடந்ததால், அதற்கும் சேர்த்து அவன் பூட்டுப் போட்டிருந்தான். பணம் கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று சொன்னேன். கடைசியில், ஜிஎஸ்டிக்காக ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொடுத்திருந்த மூன்று மாதப் பழைய நகல்தான் காப்பாற்றியது. மீதியைப் பில் கட்டுகளை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஆடிட்டர் தற்செயலாக அந்த வேறு இடமாக அமைந்துவிட்டார்.

டிடாஸ் என்பது திருட்டே இல்லை, முட்டுக்கட்டை. டவுனில் மாலையில் திறக்கும் அல்வாக் கடை வரிசையில், வாங்கும் எண்ணமே இல்லாத ஐந்நூறு பேர் வந்து நின்று, விலை கேட்டுவிட்டு மறுபடியும் வால்பக்கம் போய் நின்றால், உண்மையாக வாங்க வந்தவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். அந்த ஐந்நூறு பேரும் தங்களை ஒருவன் ஆட்டுவிக்கிறான் என்று அறியாதவர்கள் என்றால், அந்தக் கூட்டத்துக்குப் பெயர் பாட்நெட். 2016-இல் மிராய் என்ற நிரல், சிசிடிவி கேமராக்களையும் வைஃபை ரவுட்டர்களையும் இப்படிக் கூட்டம் சேர்த்தது. அதற்குத் தேவைப்பட்டது, பெட்டியோடு வரும் அறுபது சொச்சம் பயனர் பெயர்-கடவுச்சொல் இணைகளின் பட்டியல் மட்டுமே. கேமரா மாட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மாட்டி முடித்ததும் அந்தக் கடவுச்சொல்லை மாற்றித் தராதவருக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், "ஹேக்கிங் கத்துக்குடுங்கண்ணே" என்று வருகிறார்கள். ஆர்வத்தை நான் குறை சொல்வதில்லை. சொந்தக் கணினிக்குள்ளேயே தனிக் கணினி போல ஓடும் விர்ச்சுவல் மெஷின் போட்டு, அதில் ஓட்டை தேடும் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, தன் சுவரைத் தானே குத்திப் பழகலாம். பக்கத்து வீட்டு வைஃபையாக இருந்தாலும், அனுமதியில்லாமல் தொட்டால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66-ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். விளையாட்டுக்குச் செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

அண்ணாச்சியின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் எண்ணையே மறுபடி வாட்ஸப்பில் பதிவு செய்து, புதிதாக வந்த ஆறு இலக்கத்தைப் போட்டதும், திருடன் வெளியே தள்ளப்பட்டான். ஆனால் போகும் முன் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்ற இரண்டாவது பூட்டை அவன் போட்டிருந்ததால், அந்தப் பின் இல்லாமல் உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஏழு நாளும் மச்சினனில் தொடங்கி மொத்த வியாபாரி வரை எல்லாருக்கும் போன் போட்டு, "நான் காசு கேக்கல" என்று சொல்லிக்கொண்டே சாமான் கட்டினார். எட்டாம் நாள் கடைக்கு வந்தவரிடம், அந்த இரண்டாவது பூட்டை இனி நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், ஆறு இலக்கத்தில் ஓர் எண் யோசியுங்கள் என்றேன். "பெரியவ பொறந்த தேதி வச்சிருவமா தம்பி? பதினாலு, பூஜ்யம்..." என்று உரக்கத் தொடங்கினார். சார்ஜர் வாங்க வந்து பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேரும் அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.